மிச்சமிருந்த பதினான்கு வார்த்தைகள்

இருபது வார்த்தைக்கு ஒரு ஷில்லிங்.
குறைத்துச் சொன்னால் குறைத்து வாங்குவது
தந்தி அலுவலகத்தில் வழக்கமில்லை.
எனக்கு ஆறு போதுமாயிருந்தது:
‘பயணப் பணமில்லை. வர இயலாது. ஓவர்த்வெய்ட் விலகுகிறது.’

மிஸ் பிக்கர்ஸ்கில் பென்சிலால் எண்ணினாள்,
நம்பாமல் இன்னொரு முறை எண்ணினாள்.
“கொடுத்த காசுக்கு இன்னும் பதினான்கு இருக்கிறதே,
மிஸ்டர் எக்கர்ஸ்லி.”
எனக்குப் பின்னால் முட்டைக் கூடையோடு ஒருவர் இருமினார்.
தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம்,
மூன்று வருஷம் ஐந்து மாதம் இருந்தோம் என்று.
எரிவாயு ஆலையில் நான் கணக்குப்பிள்ளை.
காலில் பந்து நிற்காதவன் கையில்
பேனாவைக் கொடுப்பது எங்கள் ஊர் நியாயம்;
அப்படித்தான் கழகத்துக்குச் செயலாளர் ஆனேன்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு நூலாலைச் சங்கு.
ஒன்றேகாலுக்குத் தலையெல்லாம் பஞ்சோடு
மதுக்கடைப் பின்னறையில் உடை மாற்றுவார்கள்.
பந்துக்குள்ளே பன்றியின் மூத்திரப்பை.
அதை வாய்வைத்து ஊத
ஜேபஸ் டட்டன் ஒருவனுக்குத்தான் வயிறு இடம் கொடுத்தது.
அவன் ஆடுபவன் அல்ல,
பித்தளை வாத்தியக் குழுவில் பெரிய குழல்.

நிலம் கசாப்புக்காரர் ஆர்ம்ரிட்ஜுடையது.
ஆடுகளை விரட்டிவிட்டால் அது ஆடுகளம்.
கம்பங்களுக்கு மேலே குறுக்குச் சட்டம் இல்லை, வெறும் நாடா.
காற்றில் அது தொய்யும், எழும்பும்.
பந்து போனது மேலேயா கீழேயா என்று வாதாடியே
ஒரு நவம்பர் இருட்டிவிட்டது.
முடிவு இன்னும் குறிப்பேட்டில் காலியாக இருக்கிறது.

சட்டைக்கு ஊதா நிறம்,
சாயப்பட்டறையில் விலைபோகாத மிச்சம்.
முதல் மழையிலேயே எங்கள் சாயம் வெளுத்தது,
பழமொழியாக அல்ல, நிஜமாகவே.
மோதியவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் ஊதா.
பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்ற அன்று
நாங்கள் பிடித்த நிலப்பரப்பு அவ்வளவுதான்.

சைலஸ் ஆர்மரோட் போனதைச் சொல்லியிருக்கலாமா?
பக்கத்து ஊர்க் கழகம் அவனுக்கு
ஆலையில் வேலை கொடுத்தது, செய்யத் தேவையில்லாத வேலை.
ஆட்டம் முடிந்து காலணியை எடுத்தால்
உள்ளே வெள்ளி கிடக்குமாம்.
நாங்களோ மாதம் ஆறு பென்னி கட்டி ஆடியவர்கள்.
‘துரோகம்’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ‘இடமாற்றம்’ என்று எழுதினேன்.
அந்த வீட்டில் அந்தக் குளிர்காலம்
நிலக்கரி வாங்கியாக வேண்டியிருந்தது.

அவன் போன பிறகுதான், வேடிக்கை,
கோப்பைப் போட்டியில் முதல் சுற்றை வென்றோம்.
எதிரணி வழி தவறி வேறு ஊரில் இறங்கியிருந்தது.
அடுத்த சீட்டில் லண்டன் விழுந்தது.
பெரிய பள்ளிகளில் படித்த கனவான்கள், அவர்கள் மைதானம்.
பதினோரு பேர், மூன்றாம் வகுப்பு, போக வர
பதினெட்டுப் பவுண்டு.
பெட்டியில் இரண்டு பவுண்டு மூன்று ஷில்லிங்.
தந்திக்கு ஒரு ஷில்லிங் போனதும்
இரண்டு பவுண்டு இரண்டு.

யாரும் கழகத்தைக் கலைக்கவில்லை.
அடுத்த சனிக்கிழமை ஏழு பேர் வந்தார்கள்.
அதற்கடுத்து நான்கு பேர், சூதாடிவிட்டுப் போனார்கள்.
பிறகு ஆடுகள்.
கம்பம் ஒன்றில் மிஸஸ் டட்டன் துணி உலர்த்துகிறாள்,
இன்னொன்றைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.

எரிவாயுக் கணக்கின் ஓரத்தில்
அந்தப் பதினான்கை இன்னும் எழுதிப் பார்க்கிறேன்.
கோபமாக ஒரு முறை. அது இருபத்தாறு வந்தது.
மன்னிப்பாக ஒரு முறை, பாதியில் வெட்கமாகிவிட்டது.
நேற்று இரவு இப்படி:
‘மழை. நாடா தொய்ந்திருக்கிறது. ஜேபஸ் ஊதி முடித்துவிட்டான்.
நாங்கள் ஒன்பது பேர் வந்திருக்கிறோம். நீங்கள்?’

பென்சிலால் எண்ணினேன். பதினொன்று.
மூன்று இன்னும் பாக்கி.